சந்துகளைக் காத்த தாவரவியல் பேராசிரியர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. தாவரவியல்

தாவரவியல் பயிலும் நமக்கு லின்னேயஸைத் தெரியும், மெண்டலைத் தெரியும், செடிக்கும் உணர்ச்சி உண்டென்று காட்ட முனைந்த ஜகதீச சந்திர போஸைத் தெரியும். அந்தப் போஸ் பெருமகனாரின் வாழ்க்கை வரலாற்றை 1920-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் நூலாக எழுதியவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அவரும் தாவரவியல் பேராசிரியரே. பெயர் பாட்ரிக் கெடிஸ். நகரமைப்பு பயில்வோர் நடுவே உலகமெங்கும் மதிக்கப்படும் இப்பெயர் நம் தாவரவியல் பாடநூல்களில் மட்டும் காணப்படுவதில்லை. துறைக் கருத்தரங்கில் போஸைப் பற்றிப் பேசக் குறிப்பெடுக்கப் போன இடத்தில் நான் கெடிஸைக் கண்டெடுத்தேன். போஸை விட்டுவிட்டு இவர் பின்னால் போய்விட்டதைத் துறைத் தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

போனதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீடு தேனியில் சந்தைக்கு அருகே ஒரு சந்தில் இருக்கிறது. வீடு என்றால் ஓர் அறையும் முன்னால் ஒரு திண்ணையும். அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறார். அம்மா போடிக்கு ஏலக்காய் பொறுக்கப் போகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் இருவர் வந்து சந்தின் சுவர்களில் சிவப்பு வண்ணத்தில் எண் எழுதிச் சென்றனர். சாலை அகலமாகப் போகிறது, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு தருவார்கள் என்று பேச்சு. எந்த இடம், யாருக்கு, எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டவர்களுக்கு விடை கிடைக்கவில்லை. விடியற்காலம் மூன்று மணிக்குக் காய்கறி லாரி வந்தால் அப்பா அங்கிருந்து எந்தப் பேருந்தில் வருவார் என்பது அம்மாவின் கேள்வி. அந்தக் கேள்வியை நூறாண்டுகளுக்கு முன்பே ஒருவர் அரசாங்கத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார் என்று அறிந்தபோது எனக்கு உண்டான வியப்பே இக்கட்டுரை.

கெடிஸ் 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை படைவீரராக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் பெர்த் நகருக்கு அருகே ஒரு குன்றின்மேல் குடியேறியது. அங்கே தந்தையோடு சேர்ந்து தோட்டத்தில் உருளைக்கிழங்கும் கீரையும் பயிரிட்டதே அவர் பெற்ற முதல் தாவரவியல் பாடம். தந்தையின் விருப்பத்துக்காகச் சிறிது காலம் வங்கியில் வேலை பார்த்தார்; மனம் ஒட்டவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்து ஒரே வாரத்தில் வெளியேறினார். செத்த செடியை அறுத்துப் பெயரிடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பின்னர் இலண்டனில் ஹக்ஸ்லியிடம் பயின்றார். படித்தார், ஆய்ந்தார், கற்பித்தார். ஆனால் பட்டம் மட்டும் வாங்கவேயில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கப் போகிறவன் என்ற முறையில் இந்தச் செய்தியை வீட்டில் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிறேன்.

பிரான்சு நாட்டின் கடற்கரையில் ரோஸ்காஃப் ஆய்வகத்தில் அவர் செய்த ஆராய்ச்சி விலங்கியல் நண்பர்களுக்கும் சுவையாக இருக்கும். கான்வலூட்டா என்னும் பச்சை நிறத் தட்டைப்புழு வெயிலில் கிடந்தால் செடியைப் போலவே உயிர்வளியை வெளிவிடுகிறது என்று கண்டார். புழுவின் உடலுக்குள் பாசி குடியிருக்கிறது; இடம் தருவது ஒன்று, உணவு தருவது மற்றொன்று. உயிர்கள் ஒன்றையொன்று தின்று மட்டும் வாழ்வதில்லை, ஒன்றுக்கொன்று துணையாகவும் வாழ்கின்றன என்ற எண்ணம் அவரிடம் ஆழப் பதிந்தது அந்தக் காலத்தில்தான்.

1879-இல் மெக்சிகோவுக்கு ஆராய்ச்சிப் பயணம் போனார். அங்கே கண்பார்வை மங்கியது. கண்ணைக் கட்டிக்கொண்டு இருட்டறையில் பல வாரங்கள் கிடந்தார். நுண்ணோக்கியே வாழ்வு என்றிருந்த இருபத்தைந்து வயது இளைஞனுக்கு அது எப்படியிருக்கும்! சன்னலின் கண்ணாடிச் சட்டங்களை விரலால் தடவித் தடவி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கருத்தை வைத்துச் சிந்திக்கப் பழகினார். பார்வை திரும்பியது. ஆனால் நீண்ட நேரம் நுண்ணோக்கியில் பார்க்க இயலாமற் போயிற்று. செடியையும் புழுவையும் பார்த்த கண் மெல்லத் தெருவையும் வீட்டையும் பார்க்கத் தொடங்கியது.

எடின்பரோவின் கதையை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அந்நகரின் பழைய பகுதி ஒரு குன்றின் முதுகில் அமைந்தது. இடமில்லாமையால் வீடுகள் அடுக்கடுக்காக மேலே எழும்பின. ஒரே கட்டடத்தின் ஒரு மாடியில் நீதிபதி, ஒரு மாடியில் வணிகர், உச்சியில் கூலியாள் என்று எல்லாரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினர். 1767-க்குப் பின் வடக்கே அகன்ற தெருக்களோடு புதுநகர் எழுந்தது. வசதியுள்ளவர் ஒவ்வொருவராக அங்கே குடிபெயர்ந்தனர். அவர்கள் விட்டுப்போன பெரிய வீடுகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. ஓர் அறைக்கு ஒரு குடும்பம். தண்ணீர் இல்லை, கழிப்பிடம் இல்லை, வெளிச்சம் இல்லை. நோய் பெருகியது. 1867-இல் சட்டம் கொண்டுவந்து பல சந்துகளை இடித்து அகன்ற தெருக்களைப் போட்டார்கள். இடிபட்ட வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்? வேலை அங்கேதான் இருந்தது. ஆகவே அடுத்த சந்துக்குப் போய் அங்கிருந்த நெரிசலை இன்னும் நெருக்கினார்கள். வீடுகள் குறைந்தன, ஆட்கள் குறையவில்லை, வாடகை ஏறியது. குடிசையை அகற்றுவது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் செயலின் கணக்கு இதுதான்.

1886-இல் அன்னா மார்ட்டன் என்னும் அம்மையாரை மணந்தார் கெடிஸ். அம்மையார் லிவர்ப்பூல் வணிகர் ஒருவரின் மகள். ஏழையர் வீட்டு வசதியில் ஈடுபாடு கொண்டவர். புதுமணத் தம்பதியர் புதுநகரின் நல்ல வீட்டை விட்டுவிட்டு, பழைய நகரில் ஜேம்ஸ் கோர்ட் என்னும் நெரிசலான முற்றத்துக்கே குடிவந்தனர். உபதேசம் செய்வதற்கு முன் கெடிஸ் துடைப்பத்தை எடுத்தார். படிக்கட்டுகளைக் கூட்டினார், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார், சன்னல்களில் பூந்தொட்டி வைத்தார். அண்டை வீட்டார் முதலில் வேடிக்கை பார்த்தனர், பிறகு வாளி எடுத்து வந்தனர். இடிந்த மூலைகளையும் குப்பை மேடுகளையும் சிறு தோட்டங்களாக்கினர். ஒரு வீடு முற்றிலும் பழுதானால் அதை மட்டும் அகற்றிச் சுற்றியிருந்த பத்து வீடுகளுக்குக் காற்றும் வெயிலும் வரவிட்டார்.

1887-இல் மாணவர்கள் தாங்களே நடத்திக்கொள்ளும் விடுதியை அங்கே தொடங்கினார். படித்தவர்களும் உழைப்பவர்களும் மீண்டும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டும் என்பது அவர் ஆசை. கோட்டைக்கு அருகே ராம்சே கார்டன் என்னும் அழகிய குடியிருப்பைக் கட்டிப் பேராசிரியர்களையும் ஓவியர்களையும் குடிவைத்தார், தாமும் குடிபோனார். பணக் கணக்கில் அவர் கெட்டிக்காரர் அல்லர். கடன் தலைக்கு மேல் போகவே, நண்பர்கள் 1896-இல் ஒரு கழகம் அமைத்து அவருடைய கட்டடங்களை ஏற்று நடத்த வேண்டியதாயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதினவன் ஆகமாட்டேன். ராம்சே கார்டன் இன்று எடின்பரோவில் விலை மிகுந்த முகவரிகளுள் ஒன்று. கூலியாள் அங்கே குடியிருக்க முடியாது. பழைய நகரின் பல வீடுகள் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போய்விட்டன. அதைக் கட்டுப்படுத்த 2022-இல் நகரம் முழுவதற்கும் தனி விதி கொண்டுவர வேண்டியதாயிற்று. சந்தைத் திருத்தி அழகாக்கினால் அந்த அழகே வாடகையை உயர்த்தி ஏழையை வெளியேற்றும் என்பதைக் கெடிஸ் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இடித்தாலும் ஏழை போக வேண்டும், அழகாக்கினாலும் ஏழை போக வேண்டும் என்றால் என்னதான் செய்வது? இதற்கு அவர் வாழ்க்கையில் முழு விடை இல்லை. பாதி விடை இந்தியாவில் கிடைத்தது.

அதற்குமுன் அவருடைய ஆசிரியப் பணியையும் குறிப்பிட வேண்டும். 1888 முதல் 1919 வரை டண்டீ கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். ஆண்டுக்கு ஒரு பருவம் மட்டும் வகுப்பெடுத்தால் போதும் என்ற ஏற்பாடு. மற்றக் காலமெல்லாம் நகரங்களுக்கு. எடின்பரோவில் ஒரு கோபுரத்தை 1892-இல் வாங்கி, உச்சியிலிருந்து ஊரையும் ஊரைச் சூழ்ந்த மலையையும் கடலையும் மக்களுக்குக் காட்டினார். மலை உச்சியிலிருந்து கடல்வரை ஒரு பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்து, மேலே சுரங்கத் தொழிலாளி, மரம் வெட்டுபவன், வேட்டைக்காரன், அடுத்து ஆயன், கீழே உழவன், கடைசியில் மீனவன் என்று நிறுத்தினார். இவர்கள் எல்லாரும் வந்து கூடும் இடமே நகரம். பள்ளத்தாக்கை அறியாதவன் நகரத்தை அறியமாட்டான் என்பது அவர் கொள்கை.

நண்பர்களே, இந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குக் கம்பம் பள்ளத்தாக்கே கண்ணில் தெரிந்தது. மேலே குமுளி மலையில் ஏலமும் தேயிலையும்; மலையடியில் கூடலூர், கம்பம் திராட்சைப் பந்தல்கள்; 1895-இல் திறந்த பெரியாறு அணையின் தண்ணீர் பாயும் உத்தமபாளையம் நெல்வயல்கள்; சின்னமனூர் வாழை; எல்லாம் வந்து இறங்கும் தேனிச் சந்தை. எங்கள் சந்தில் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று மலையிறங்கிய பாட்டி இருக்கிறார்; மழை பொய்த்து ஆண்டிபட்டிப் பக்கமிருந்து வந்த குடும்பம் இருக்கிறது; ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கும் வடநாட்டு இளைஞர்களும் இருக்கிறார்கள். 1996-இல் தேனி தனி மாவட்டமானது. அலுவலகங்கள் வந்தன, வங்கிகள் வந்தன, மாடி வீடுகள் வந்தன. அவற்றோடு வாடகையும் முன்பணமும் மாடியேறின. அப்பாவோடு மூட்டை தூக்கிய பலர் சந்தைக்குப் பக்கத்தில் குடியிருக்க முடியாமல் தள்ளித் தள்ளிப் போய்விட்டார்கள் என்று அப்பா சொல்லுவார்.

கெடிஸ் நம் நாட்டுக்கு வந்த கதை சுவையானது. சென்னை மாகாண ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபு அழைத்தார். பல ஆண்டுகள் சேர்த்த வரைபடங்களும் படங்களும் அடங்கிய நகரக் கண்காட்சியைக் கிளான் கிராண்ட் என்ற கப்பலில் ஏற்றியனுப்பிவிட்டுத் தாம் மூத்த மகன் அலஸ்டேருடன் வேறு கப்பலில் புறப்பட்டார். ஆண்டு 1914, போர் மூண்டுவிட்டது. செப்டம்பரில் சென்னைமீது குண்டு வீசிய எம்டன் கப்பலை நம்மவர் யாரும் மறக்கவில்லை. கெட்டிக்காரனை இன்றும் எம்டன் என்கிறோம். அதே எம்டன் அக்டோபரில் கிளான் கிராண்டை மூழ்கடித்தது. வாழ்நாள் உழைப்பு அரபிக்கடலின் அடியில்! கெடிஸ் தளரவில்லை. தாயகத்து நண்பர்கள் அவசரமாக வேறு படங்களைத் திரட்டியனுப்ப, 1915 சனவரியில் சென்னை செனட் மண்டபத்தில் கண்காட்சி திறக்கப்பட்டது.

பிறகு தொடங்கியது நடை. தஞ்சாவூர், மதுரை, கோயம்புத்தூர், காஞ்சிபுரம், பெல்லாரி என்று ஊர் ஊராகப் போனார். ஐம்பதை நெருங்கும் இந்திய நகரங்களைப் பற்றி அறிக்கை எழுதினார். வெயிலில் சந்து சந்தாக நடப்பார். கிணறு எங்கே, கோயில் எங்கே, மரம் எங்கே, எந்த வீடு விழும் நிலையில் இருக்கிறது, எந்த வீட்டைப் பழுது பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாகக் குறிப்பார். அன்றைய பொறியாளர்கள் வரைபடத்தின்மேல் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தார்கள். அந்தக் கோடு யார் வீட்டு அடுப்படியில் போகிறது என்பது வரைபடத்தில் தெரியாது. கெடிஸ் அதே வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேரில் போய், கெட்டுப்போன வீடுகளை மட்டும் அகற்றச் சொன்னார். கிடைத்த வெற்றிடத்தில் ஒரு மரம், ஒரு மேடை, குழந்தைகள் விளையாட இடம். சந்து வளைந்தால் வளைந்தே இருக்கட்டும், நிழலாவது கிடைக்கும். உறுப்பை வெட்டாமல் நோயை மட்டும் அறுத்தெடுக்கும் மருத்துவருக்குத் தம்மை ஒப்பிட்டார். தஞ்சாவூரில் அவர் காட்டிய வழிக்குப் பழைய திட்டத்தில் ஆறில் ஒரு பங்கு பணமே போதும் என்று கணக்குக் காட்டினார்.

நான் சொன்ன பாதி விடை இதுதான். இடித்த பிறகு ஏழைக்கு வீடு தேடுவதைவிட, அவன் இருக்கிற வீட்டை வாழத்தக்கதாக்குவது மலிவு. அவனுக்கும் மலிவு, நகராட்சிக்கும் மலிவு. ஒரு தொழிலாளிக்கு வீடு என்பது சுவர் மட்டும் இல்லை; வேலைக்கு நடந்து போகும் தொலைவும், கடன் கொடுக்கும் கடையும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அடுத்த வீட்டுப் பெரியம்மாவும் சேர்ந்ததே வீடு என்று அவர் கண்டார். வேரோடு ஒட்டிய மண்ணை உதறிவிட்டுச் செடியைப் பிடுங்கி நட்டால் என்னவாகும் என்பது தாவரவியல் படித்தவருக்குத் தெரியாதா? குளங்களைக் கொசுவுக்குப் பயந்து தூர்க்கக் கூடாது, மீனும் வாத்தும் விட்டுக் காக்க வேண்டும் என்றும் வாதாடினார். தூர்த்த குளங்களின்மேல் பேருந்து நிலையம் கட்டிய நாம் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

நம் பழைய நகரங்களை அவர் நேசித்தார். புகார், மதுரை, காஞ்சி ஆகியவற்றின் அமைப்பைப் பற்றிச் சி. பி. வேங்கடராம ஐயர் 1916-இல் எழுதிய நூலுக்கு அவரே முன்னுரை எழுதினார். சென்னை மாகாணத்தில் 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்ததற்கு அவர் எழுப்பிய பேச்சும் ஒரு காரணம்.

1917-ஆம் ஆண்டு அவரை ஒரேயடியாக அடித்தது. ஏப்ரலில் மகன் அலஸ்டேர் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டார். அப்போது அன்னா அம்மையார் இந்தியாவில் கடும் காய்ச்சலில் கிடந்தார். மகன் இறந்த செய்தியை மனைவியிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மகன் முன்பு எழுதி, தாமதமாக வந்து சேர்ந்த கடிதங்களை உயிரோடிருப்பவன் எழுதியதைப் போலவே படித்துக் காட்டினார். சூன் மாதம் அம்மையார் கல்கத்தாவில் காலமானார். மகன் போனது தெரியாமலே போனார். ஜேம்ஸ் கோர்ட் படிக்கட்டை முதல்நாள் உடன் கூட்டியவர் அவர்.

துயரை வேலையில் கரைத்தார் கெடிஸ். இந்தூரில் அப்போது பிளேக் நோய். மகாராசாவிடம் ஒருநாள் அதிகாரம் கேட்டு வாங்கினார். தீபாவளியன்று பெரிய ஊர்வலம் வரும், அது வழக்கமான வீதிகளில் போகாது, எந்தத் தெருவில் வீடுகள் அதிகம் துப்புரவாகிச் செப்பனிடப்பட்டிருக்கின்றனவோ அந்தத் தெரு வழியே போகும் என்று அறிவித்தார். ஊரே வெள்ளையடித்தது. குப்பை வண்டி வண்டியாக வெளியேறியது. ஊர்வலத்தில் யானையும் குதிரையும் போயின. துப்புரவுத் தொழிலாளர் புத்தாடை உடுத்தி மாலையிட்டு மதிப்போடு நடந்தனர். அழுக்கு அரக்கன் ஒருவனும் பிளேக் எலி ஒன்றும் பெரிய உருவங்களாக வந்து முடிவில் எரிக்கப்பட்டன. வீடுகளுக்குத் துளசிச் செடி வழங்கப்பட்டது. எங்கள் சந்து வழியாக வீரபாண்டி சித்திரைத் திருவிழா ஊர்வலம் வரும் என்று யாராவது அறிவித்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மறுநாளே சாக்கடை ஓடும்!

1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையைத் தொடங்கி ஐந்தாண்டுகள் நடத்தினார். 1921-இல் கொழும்புக்குத் திட்டம் தந்தார்; 1925-இல் டெல் அவிவ் நகருக்குத் தந்தார். ஆனால் இந்திய அறிக்கைகளில் பெரும்பாலானவை அலமாரிக்குப் போயின. அவர் ஆளுநரிடமும் மகாராசாவிடமும் பேசினார்; அவர்களுக்கு அகன்ற நேரான சாலைதான் கண்ணுக்குத் தெரியும் சாதனை. சந்தில் இருந்தவர்களுக்கோ அறிக்கை எழுதப்பட்டதே தெரியாது. அது ஆங்கிலத்தில் இருந்தது.

உடல்நலம் குன்றி 1924-இல் பிரான்சின் மான்பெல்லியே நகரில் குடியேறினார். அங்கும் சும்மாயிருக்கவில்லை, கல்மேட்டில் தோட்டம் போட்டு, மாணவர் கல்லூரி ஒன்றைக் கட்டினார். 1932-இல் இங்கிலாந்து அரசு சர் பட்டம் அளித்தது. பட்டம் வாங்காத பேராசிரியருக்குக் கடைசியில் ஒரு பட்டம்! அதே ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் மான்பெல்லியேயில் மறைந்தார். வயது எழுபத்தேழு.

சென்ற கோடை விடுமுறையில் நானும் வகுப்புத் தோழர் இருவரும் அவர் செய்ததைப் போலவே எங்கள் சந்தை நடந்து அளந்தோம். 22 வீடுகள், 3 குடிநீர்க் குழாய்கள், ஒரு வேம்பு, கூரை இடிந்து யாரும் குடியிராத வீடு ஒன்று. அந்த ஒன்றை மட்டும் எடுத்தால் காய்கறித் தள்ளுவண்டி திரும்பும் அளவுக்கு இடம் வரும் என்று நூல்பிடித்துப் பார்த்தோம். வேலைக்கு எத்தனை நிமிட நடை என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு எழுதிக்கொண்டோம். அம்மா தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, இதைப் படிக்கிற பெரிய ஆள் யாராவது உண்டா என்று கேட்டார். சுவரில் சிவப்பு எண் அழியாமல் இருக்கிறது. எங்கள் குறிப்பேடு துறை அலமாரியில் இருக்கிறது, தமிழில்தான் எழுதியிருக்கிறோம்.